நட்சத்திரத்துக்குள் மயில்

டிசம்பர் வந்தால் திருத்தங்கலில் எங்கள் அச்சுக் கம்பெனிக்குக் காலண்டர் சீசன். அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் தெருவில் ஆட, பெற்றவர்கள் நாங்கள் மெஷினோடு மல்லுக்கட்டுவோம். அந்த வருடம் தூறலும் விடவில்லை. ஈரக்காற்றில் மை காயாமல் அழிச்சாட்டியம் செய்தது. லோடு ஏற்ற வந்த வண்டி வாசலிலேயே நின்றது. எனக்கோ நினைப்பெல்லாம் வீட்டில்.

காரணம், மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள். முந்தின வருடம் கடையில் வாங்கிய கிறிஸ்துமஸ் ஸ்டார் மழையில் சாயம் ஒழுகித் தொங்கியது. கேரல் பாட வந்த பிள்ளைகள், "ஒங்க ஸ்டாருக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை அவள் மறக்கவில்லை. "இந்த வருசம் எங்க அப்பா செய்றாக. எல்லாத்தையும் விடப் பெருசு" என்று ஞாயிறு வகுப்பில் சொல்லிவைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த ஸ்டார் என் கழுத்தில் தொங்கியது.

கேரல் வரும் நாளன்றுதான் அரைநாள் லீவு கிடைத்தது. நிறம் விலகிக் கழித்துப்போட்ட காலண்டர் படத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். மழை தாங்கும் வழவழத் தாள். மூங்கில் குச்சியைக் கட்டி, படம் உள்பக்கமும் வெள்ளை வெளிப்பக்கமுமாக நானும் மகளும் ஒட்டினோம். உள்ளே பல்பு வைத்து வாசலில் கட்டி, சரியாக இருக்கிறதா என்று தெருவில் இறங்கி இறங்கிப் பார்த்தோம்.

எதிர்வீட்டு அக்காவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மழைக்கு வேலை இல்லாததால் வாசலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மத்தியானம் பிடிச்சு வாசலுக்கும் தெருவுக்கும் எம்புட்டு நடை. இந்த நடைக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கே போய்ச் சேந்திருப்பீக."

பொழுது சாய்ந்தது. பக்கத்துத் தெருவில் டிரம் சத்தம் கேட்டது. மகள் தெரு முனை வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்து சுவிட்சைப் போட்டாள்.

பல்பு வெளிச்சத்தில் தாளுக்குள் இருந்ததெல்லாம் வெளியே தெரிந்தது. ஒரு முனையில் மயில் தோகை. இன்னொன்றில் வேல். நடுவில் முருகன், தலைகீழாக. பகல் முழுக்கத் தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பதுதான் என் வேலை. வீட்டு வேலையில் மட்டும் அது தோன்றவில்லை.

மகள் சட்டென்று அணைத்தாள். "எல்லாரும் சிரிப்பாகப்பா."

"ஏன் அணைச்சிட்டீக?" என்றார் அக்கா. "எங்க சாமி வந்தா ஆகாதோ? வந்ததுதான் வந்தாரு, அவர நேரா நிக்க வைங்க தம்பி. தல சுத்தும்லா."

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கயிற்றை அவிழ்த்து, கீழ்ப்பக்கம் மேலே வருமாறு திருப்பிக் கட்டினேன். முருகன் நிமிர்ந்தார். ஸ்டார்தான் கோணலாகத் தொங்கியது. கட்டி முடிக்கவும் டிரம் வாசலுக்கு வந்துவிட்டது.

பாட்டு முடிந்தது. ஒரு பையன் அண்ணாந்து பார்த்தான். "பெருசா சொன்னே. லைட்டு எரியாதா?"

மகள் சுவிட்சில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள். நான் ஸ்டூலை ஓரமாக நகர்த்தினேன். அவள் போட்டுவிட்டாள்.

டிரம் அடிப்பவன் அடியை நிறுத்தினான்.

"ஏலே, மயிலு."

"வேலு இருக்கு பாரு."

சிரிப்பு வந்தது. ஆனால் ஒருவரும் நகரவில்லை. போன வருடம் சளி என்று சொன்ன பெண் வாசல் தூணைச் சுற்றிவந்து கேட்டாள்: "உள்ள எப்படி மயிலு வந்துச்சு?"

"எங்க அப்பா அடிச்சது" என்றாள் என் மகள். "கடையில கிடைக்காது."

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும் முன்பே கேரல் பிள்ளைகள் நான்கு பேர் வாசலில் நின்றார்கள்.

"மாமா, எங்க ஸ்டாருக்கு ஆனை போட்ட தாள் இருக்கா?"

அன்று மாலை கம்பெனியில் கழிவுத் தாள் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே தூக்கினேன். இந்தத் தடவை எது மேல், எது கீழ் என்று பார்த்துத்தான் எடுத்துவைத்தேன்.