பாகற்காயும் மடிக்கும் போனும்

ஃபேரர் பார்க் திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பக்கத்தில் மர நிழலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சாயம் போன சட்டை, கையில் புத்தம்புது மடிக்கும் போன். மணி மூன்றாகும்வரை சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தொடவே இல்லை. இங்கே மூன்றென்றால் ஊரில் பன்னிரண்டரை, அப்போதுதான் அங்கே சாப்பாட்டு நேரமாம்.

மூன்றானதும் சட்டை நுனியால் கேமராவைத் துடைத்து, போனைப் பாதி மடித்துப் புல்லில் நிறுத்தினார். திரையில் அவர் மனைவி வந்தார். அவர் முன்னாலும் ஒரு தட்டு. இருவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

"பாவக்காய ஏன் ஓரமா தள்றீங்க? சுகர் இருக்குல்ல?" என்றார் அந்தம்மா.

இவர் என் பக்கம் திரும்பினார். "கேமரா ரொம்ப கிளியர் தம்பி. அதுதான் தொந்தரவு."

"இவ்வளவு ஸ்லிம்மா இருக்கே, பேட்டரி நிக்குமாண்ணே?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காலையிலேருந்து பாட்டு கேட்டேன். இன்னும் அஞ்சு நிமிஷம் தாங்கும். அப்புறம் பாவக்காய் குப்பைத்தொட்டிக்குத்தான்."

சொன்னபடியே திரை அணைந்தது. அவர் எழுந்து தொட்டிக்குப் போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. இருண்ட திரையைப் பார்த்தபடி, முகத்தைச் சுளித்துக்கொண்டே, ஒரு துண்டு விடாமல் தின்று முடித்தார். பிறகுதான் போனை மடித்தார்.

இப்போதெல்லாம் தட்டில் பாகற்காயை ஒதுக்கப் போனால் யாரோ பார்ப்பது போலிருக்கிறது. தின்றுவிடுகிறேன்.