ஐந்து கடற்கரைகளும் காணாமற்போன வேட்டிகளும்

2024 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. மார்கழி முடிய ஒரு வாரம் இருந்தது. பனி இல்லை. திருப்பரங்குன்றத்து மலை பாதி மறையும் அளவுக்கு மூட்டம். தூறல் மட்டும் விழவில்லை. அந்த நேரத்தில்தான் என் மகள் வழவழப்பான ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தாள்.

"ப்பா, நீங்களும் அம்மாவும் போயி ஒலகத்துலயே அழகான பீச்சா அஞ்சு பீச் பாத்துட்டு வாங்க. பன்னெண்டு நாளு. பணம் கட்டியாச்சு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா என்ன சொல்ல? சும்மாதான்."

முப்பத்து மூன்று வருடம் கருவூலத்தில் வேலை பார்த்தவன் நான். சும்மா வந்த பில் ஒன்றைக்கூட அங்கே பார்த்ததில்லை.

காகிதத்தில் நீலமாகக் கடலும் அதில் கால் நனைத்தபடி சிரிக்கும் ஒரு கிழவனும் கிழவியும் இருந்தார்கள். அந்தக் கிழவனின் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு நடந்ததுதான் அவனுக்கும் நடந்திருக்க வேண்டும் என்று பட்டது.

டிசம்பர் நடுவில் அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும்போது நெஞ்சில் பாரமாக இருந்தது. மகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இ.சி.ஜி., எக்கோ இரண்டும் எடுத்தார்கள். நெஞ்சில் தடவிய பசையைத் துடைத்து நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, மகள் மருந்து வாங்கும் வரிசையில் நின்றாள். டாக்டர் என் மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு நிமிடம் கழித்து வந்தாள்.

"ஒண்ணும் இல்லையாம்" என்றாள்.

ஒன்றும் இல்லை என்று சொல்லப் பதினோரு நிமிடம் ஆகுமா? மறுநாளே அவள் தான் பிறந்த திருவாதவூருக்குத் தனியாகப் போய்வந்தாள். என்ன வேலை என்று கேட்டதற்கு, "சும்மா, பாத்துட்டு வந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு வந்ததுதான் மகளின் இந்தக் காகிதம்.

என்னோடு வேலை பார்த்த ஒருவரை அவர் மகன்கள் காஷ்மீருக்குக் கூட்டிப் போனார்கள். நான்காம் மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். இன்னொருவரை விமானத்தில் காசிக்கு அனுப்பினார்கள். அவர் ஆறு மாதம் தாங்கினார். இப்போது என்னைக் கடலுக்கு அனுப்புகிறார்கள். அதுவரை கடலை நான் ஆறு முறைதான் பார்த்திருந்தேன், ஆறும் யாராவது ஒருவருக்குக் காரியம் செய்வதற்காக. வைகைக் கரையில் வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் முங்கி எழுந்து, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் பஸ் ஏற வேண்டிய இடம். அதைப் போய் யாராவது அழகு பார்ப்பார்களா?

ஆனாலும் கிளம்பினேன். டாக்டர் எத்தனை மாதம் சொன்னார் என்பதை வழியில் அவள் வாயிலிருந்து எப்படியாவது வாங்கிவிடலாம் என்ற எண்ணம்.

பதினெட்டுப் பேர், எல்லாரும் மதுரை, சுற்றுவட்டாரத்து ஆட்கள். கூட ஒரு வழிகாட்டிப் பையன், மூட்டை அரிசி பருப்போடு ஒரு சமையல்காரர். என் பெட்டியில் ஆறு வேட்டிகள் இருந்தன.

முதல் கரை இலங்கையில். தென்னைகள் கடலை நோக்கிச் சாய்ந்திருந்தன. எந்த நேரமும் காய் விழலாம், ஒருவரும் கவலைப்படவில்லை. இரண்டாவது லங்காவி. மணல் அரித்து வைத்த ரவை போலிருந்தது. ஒரு காகிதம் இல்லை, ஒரு நாய் இல்லை. இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறவன் நம்மிடம் எதையோ எதிர்பார்க்கிறான் என்று தோன்றியது. தண்ணீர் கரையோரம் பச்சையாகவும் தள்ளி நீலமாகவும் இருந்தது. நான் இறங்கவில்லை. வெள்ளைக்காரர்கள் நாற்பத்தோரு பேர் வெயிலில் வேண்டுமென்றே மல்லாந்து கிடந்தார்கள். நம் ஊரில் நிழலுக்காகத் தெருவைக் கடந்து நடப்போம்.

என் மனைவி மட்டும் ஒவ்வொரு ஊரிலும் விடிவதற்குள் எழுந்து தனியாகக் கடலுக்குப் போய் நனைந்து வந்தாள். "குளிச்சா ஒடம்புக்கு நல்லா இருக்கு" என்பாள். வீட்டில் மார்கழி மாதம் வெந்நீர் இல்லாமல் குளிக்காதவள். எனக்குத் தெரியாமல் அழுவதற்குத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

லங்காவியில் பெட்டியைத் திறந்தபோது வேட்டி ஐந்துதான் இருந்தது. தாய்லாந்துக்கு வந்தபோது நான்கு. அங்கே முதல் கரையைப் பார்த்து மறுநாள் எண்ணினேன். நான் கட்டியிருந்ததையும் சேர்த்து மூன்று. அறை துடைக்கிறவர்கள் வேட்டியை வைத்து என்ன செய்வார்கள்? அவர்களுக்கு அதைக் கட்டவும் தெரியாது. மிஞ்சியவர் சமையல்காரர். அவர் இட்லிச் சட்டியை வெள்ளைத் துணியால் பிடித்து இறக்குவதைப் பார்த்திருந்தேன்.

"அந்தப் பிடிதுணிய இங்கிட்டுக் காட்டுங்க" என்றேன்.

அவர் விரித்துக் காட்டினார். பழைய துண்டு. "அண்ணே, ஒங்க வேட்டிய வச்சு நான் என்ன செய்ய, ரசத்துல போடவா?"

"மூணு காணோம்."

"அம்புட்டும் வேட்டிதானா? சட்ட போகலையா?"

"சட்ட இருக்கு."

"அப்ப எடுத்தவன் நம்ம ஊருக்காரன்தாண்ணே. கல்யாணத்துக்குப் போற ஆளா இருப்பான்." சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினாறு பேரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் குனிந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு நான்காவது கரை. சுண்ணாம்புப் பாறைகள் கடலுக்குள் நின்றன. அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அப்போது சீருடை போட்ட காவலர் ஒருவர் சொட்டச் சொட்ட ஒரு வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்தபடி எங்களிடம் வந்தார். பச்சைக் கரை போட்ட வேட்டி. ஓரத்தில் மை பேனாவால் நான் எழுதிய என் முதலெழுத்து.

பதினேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கடற்கரையில் வேட்டி கட்டியிருந்தவன் நான் ஒருவன்தான்.

"என்னுதுதான்" என்று முன்னால் போனேன். காவலர் ஆங்கிலத்தில் மறுபடி கேட்டார். நானும் ஆங்கிலத்திலேயே, சத்தமாக, அது என்னுடையதுதான், இதுபோல இன்னும் மூன்று இருக்கிறது, அவற்றையும் கண்டுபிடியுங்கள் என்றேன்.

வழிகாட்டிப் பையன் என் கையைப் பிடித்தான். "ஐயா, கொஞ்சம் பேசாம இருங்க."

"நான் ஏன் பேசாம இருக்கணும்? பொருள் என்னுது."

"கடல்ல துணியப் போட்டது யாருன்னு கேக்குறாருங்கய்யா. அவதாரம் போடப் போறாரு."

அபராதத்தைத்தான் நம் பக்கம் அவதாரம் என்பார்கள். அதற்குள் அவர் ரசீது எழுத ஆரம்பித்திருந்தார். என் முதுகுக்குப் பின்னால் ஈரத் தலையோடு நின்ற என் மனைவி, "நான்தான் போட்டேன்" என்றாள், தமிழில். காவலருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஓட்டல் படியில் உட்காரவைத்துக் கேட்டேன். "டாக்டர் எத்தன மாசம்னு சொன்னாரு? அத மொதல்ல சொல்லு."

"என்ன மாசம்?"

"பதினோரு நிமிசம் உள்ள இருந்தியே."

"அடப் பாவமே, அத நெனச்சுக்கிட்டா இத்தன நாளு இருந்தீக? ஒங்களுக்கு வாயு, உப்பக் கொறைங்க, தெனமும் நடங்கன்னாரு. அது ஒரு நிமிசம். ஊரு எதுன்னு கேட்டாரு, திருவாதவூருன்னேன். அந்தப் பக்கம் இடம் பாக்குறாராம். தண்ணி எம்புட்டு அடியில கெடக்கு, பாதை இருக்கா, என்ன வெல போகுதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. வெளிய சொன்னா வெல ஏறிரும், யாருகிட்டயும் மூச்சு விடாதீகன்னாரு. ஒங்ககிட்டச் சொன்னா நீங்க நாலு பேருகிட்டப் போயி விசாரிப்பீக."

"அப்ப திருவாதவூருக்கு எதுக்குப் போன?"

இதற்குத்தான் அவள் குரல் இறங்கியது. "டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாருங்க, ஆனாலும் மனசு கேக்கல. சோசியரப் பாத்தேன். அட்டமத்துச் சனி, கண்டம் இருக்குன்னாரு. அஞ்சு கடல்ல, அஞ்சு வேற வேற தண்ணியில, நீங்க உடுத்துன துணிய விட்டாக் கழியும்னாரு. ஒங்களக் கூப்புட்டா வருவீகளா? புள்ளகிட்டச் சொல்லி அழுதேன். அவதான் இத ஏற்பாடு செஞ்சா. இன்னைக்கு விட்டதையும் எடுத்துட்டாரே அந்த ஆளு."

லங்காவியும் தாய்லாந்தின் இரண்டு கரைகளும் ஒரே கடல். வரைபடத்தில் பார்த்திருந்தேன். அவள் கணக்குப்படி இதுவரை நான்கு கடல். இலங்கையோடு சேர்த்தாலும் உண்மையில் அது இரண்டு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் அவளுக்குக் காபி வாங்கிவந்தேன்.

மகளிடம் போனில் தனியாகவும் விசாரித்தேன். எக்கோ ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அறையில் கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தேன். எல்லாம் இருக்க வேண்டிய அளவிலேயே இருந்தன.

ஐந்தாவது கரை பாலி. மழை இப்போதோ பிறகோ என்றிருந்தது. மணல் அங்கே கறுப்பு. ஏன் கறுப்பு என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன். காவலர் இல்லை, ஆனால் குடைக்கடையில் ஒருவன் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தான்.

"முழு வேட்டி விட முடியாது" என்றேன். "ஒரு நூல் விடுறேன்."

"நூல் காணுமா, போதுமா?"

"நானே முங்குறேன்ல, காணும்."

அவள் யோசித்தாள். இத்தனை நாளில் நான் தண்ணீரில் கால் வைக்காதது அவளுக்குத் தெரியும். "மூணு முங்கு" என்றாள்.

இடுப்பளவில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முங்கினேன். கட்டியிருந்த வேட்டியின் தலைப்பிலிருந்து ஒரு நூலை உருவி விட்டேன். அலை அதை எந்தப் பக்கம் கொண்டுபோனது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது அவள் கரையில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். நான் கரையேறியதும் தன் முந்தானையாலேயே என் தலையைத் துவட்டினாள், பதினாறு பேர் பார்க்க.

சுற்றுலாவுக்கு எவ்வளவு கட்டினாள் என்பதை மகள் இன்றுவரை சொல்லவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன். என் கையை விட்டுப் போனது இவ்வளவு: திரும்பி வராத மூன்று வேட்டிகள், ஒன்று நானூற்று இருபத்தைந்து வீதம் ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து, அபராதம் இரண்டாயிரம் தாய்லாந்து பாட், வழிகாட்டிப் பையன் மாற்றித் தந்த விலைக்கு நாலாயிரத்து அறுநூற்று எண்பது. ஆக மொத்தம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து ரூபாய்.