அந்தக் கோலைப் பார்க்காத ஒரே ஆள்

கிழக்கு கேலரியில் இடம் பிடிக்க ஒரு காலத்தில் துண்டு போட வேண்டியிருந்தது. இப்போது அதே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டே ஆட்டம் பார்க்கலாம். அவ்வளவு காலியிடம். ஊர்க் கால்பந்து கிளப் தோற்றுக்கொண்டே இருந்ததில் பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து, எங்கோ ஆடும் பெரிய அணிகளைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள்.

போகாதவர்களில் ஒருவர் லிஃப்ட்காரர். பழைய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர், நகக்கண்ணில் கிரீஸ். தூணை ஒட்டிய இடத்தில் சாய்ந்து உட்காருவார். கிளப்பைத் தெரிந்த எல்லாருக்கும் அவரைத் தெரியும். காரணம், அவர் பார்க்காத ஒரு கோல்.

கிளப் வாங்கியது ஒரே ஒரு கோப்பை. அதைத் தந்தது கடைசி நிமிடத்தில் விழுந்த ஒரு கோல். அன்று சுவர் மேலெல்லாம் ஆட்கள். ஆட்டம் முடியும் நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது: "கூட்டத்துல லிஃப்ட் மெக்கானிக் யாராவது இருந்தா உடனே வெளிய வாங்க. பக்கத்து ஆஸ்பத்திரியில லிஃப்ட் பாதியில நின்னுருச்சு." கேலரியே அவரைத் திரும்பிப் பார்த்தது. மனுஷன் எழுந்து ஓடினார். இரண்டு மாடிகளுக்கு நடுவே கதவைப் பிளந்துகொண்டிருந்தபோது மைதானத்திலிருந்து ஒரு பேரிரைச்சல்.

உள்ளே மாட்டியிருந்த நர்ஸ் பதறிப்போய், "என்னங்க, ஏதாவது இடிஞ்சு விழுந்துருச்சா?" என்று கேட்டார்.

"ஆமா, என் தலையில."

அந்த நர்ஸ்தான் பிறகு அவருடைய மனைவியானார். "கோப்பை கிளப்புக்கு, ஆறுதல் பரிசு இவருக்கு" என்று தன்னையே காட்டிச் சிரிப்பார்.

ஊரே பார்த்த கோலைப் பார்க்காத ஒரே ஆள் என்ற பெயரில் ஒரு வசதியும் இருந்தது. பார்த்தவர் பார்த்தவரிடம் என்ன சொல்வது? சொல்வதற்குப் பார்க்காத ஆள் வேண்டுமே! அவருக்கு முன்வரிசையில் மூன்று பேர்: சலூன்காரர், தையல்கார அக்கா, ஓய்வு பெற்ற தபால்காரர். இடைவேளையானால் மூவரும் அவர் பக்கம் திரும்பிவிடுவார்கள். ஸ்ட்ரைக்கர் எகிறித் தலையால் முட்டியதாகச் சலூன்காரர் சொல்வார். அக்காவின் கணக்கில் அது தூரத்திலிருந்து இடது காலால் அடித்த இடி. தபால்காரரோ கார்னரிலிருந்து அடித்த பந்து யார் மேலும் படாமல் வளைந்து உள்ளே போனதாகச் சத்தியம் செய்வார். லிஃப்ட்காரர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல், "அப்புறம்?" என்பார். ஆட்டம் எப்படிப் போனாலும் இடைவேளைக்காக அவர்கள் வந்தார்கள்.

ஒருநாள் அக்கா ஒரு வீடியோ கேசட்டோடு வந்தார்.

"தம்பி வீட்டக் காலி பண்றப்ப கெடச்சுது. அன்னிக்கு அவன் எடுத்தது. எத்தனை வருஷமா எங்க தொண்டத்தண்ணிய வத்த வச்சிருக்கீங்க! ஞாயித்துக்கிழமை கண்ணாலயே பாத்துருங்க."

சலூன்காரர் உற்சாகமாகத் தன் கடையிலேயே போடலாம் என்றார். அன்று ராத்திரி லிஃப்ட்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்ன, பரீட்சைக்குப் போற பையன் மாதிரி முழிக்கிறீங்க?" என்றார் மனைவி.

"அதப் பாத்துட்டா அவங்க எங்கிட்ட என்ன பேசுவாங்க? ஆட்டத்தப் பத்தியா? இவனுங்க ஆடுறதப் பத்திப் பேசுனா வயித்தெரிச்சல்தான். பேச்சு நின்னா வர்றதும் நின்னுடும்."

"அப்ப பாக்க மாட்டேன்னு சொல்லிடுங்க."

"அக்கா எவ்ளோ ஆசையா கொண்டு வந்துச்சு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

அந்த வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. முடி வெட்டப் போன லிஃப்ட்காரரின் காதருகே சலூன்காரர் குனிந்து, "தலையாலன்னு சொன்னேன்ல? தோள்லயும் பட்டிருக்கலாம்" என்றார். தபால்காரர் போன் செய்து, பந்து ரொம்ப வளையவில்லை, லேசாகத்தான் என்றார். கடைத்தெருவில் மடக்கிய அக்கா, "தூரம்னா அவ்ளோ தூரம் இல்ல" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பயப்படுவது தான் மட்டும் இல்லை என்று லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. ஆனால் நிறுத்தச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சலூன் ஷட்டரைப் பாதி இறக்கி, சுழல் நாற்காலிகளை டிவி பக்கம் திருப்பினார்கள். திரையில் புள்ளி புள்ளியாகக் கொட்டியது. பிறகு புல். பந்து ஏற்கெனவே காற்றில் இருந்தது. நம் ஆட்கள் மூன்று பேர் எகிறினார்கள். ஒருவர் தலையிலும் படவில்லை. பந்து இறங்கி, எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் முழங்காலில் மோதி, சோம்பலாக உருண்டு கோலுக்குள் போனது.

சலூன்காரர் எழுந்து டிவி தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது வேற மேட்ச்" என்றார் சலூன்காரர்.

"கேசட்டு தேஞ்சு போச்சு" என்றார் தபால்காரர்.

"என் தம்பிக்கு எப்பவுமே கை நடுங்கும்" என்றார் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. டீ சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு லிஃப்ட்காரர் சீக்கிரமே வந்து தூணில் சாய்ந்தார். முன்வரிசை காலி. விசில் ஊதிய பிறகு மூவரும் ஒவ்வொருவராக வந்தார்கள். இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். இடைவேளை வந்தது. ஒருவரும் திரும்பவில்லை. மூன்று பிடரிகளும் மைதானத்தையே வெறித்தன. இன்னொரு ஆட்டம் இப்படிப் போனால் அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டாம் பாதி ஆட்டம் பாதி போன பிறகு அவரால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கணும். அந்த கார்னர எடுத்தது யாரு? படத்துல அது இல்லையே."

சலூன்காரரின் கழுத்து மெல்லத் திரும்பியது. "கேப்டன். வேற யாரு?"

"கேப்டனா! அவன் கால்ல கட்டுப் போட்டு வெளிய உக்காந்திருந்தான்யா" என்று அக்கா முழுதாகத் திரும்பிவிட்டார்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. அந்தக் குட்டையன். பந்த வைக்கிறதுக்கு முன்னாடி மூணு தடவ தொடைச்சான். எங்கண்ணால பாத்தேன்!" என்றார் தபால்காரர்.

"உங்க கண்ணப் பத்தி நீங்க பேசாதீங்க அண்ணே, வளஞ்சு போச்சுன்னு சொன்ன கண்ணு!" என்றார் சலூன்காரர்.

"முட்டுனான்னு சொன்னவனா பேசுறது?"

மூவரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து, அவர் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தபோது கேலரியில் அங்கங்கே கூச்சல் எழுந்தது. திரும்பினார்கள். பந்து வலைக்குள் கிடந்தது. நம் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குவிந்திருந்தார்கள்.

"ஐயோ, கோலா? நம்மளுதா? யாரு அடிச்சா?" என்று அலறினார் அக்கா.

இந்த மைதானத்தில் மறுபடி போட்டுக்காட்டத் திரை கிடையாது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையைப் பார்த்தார்கள்.

"லிஃப்டு, நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு என்னய்யா உக்காந்திருக்க? எப்படிப் போச்சு, சொல்லித் தொலையேன்!"

லிஃப்ட்காரர் தூணில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவசரப்படவே இல்லை.

"இடது பக்கம் அந்த உயரமான பையன் இருக்கான்ல," என்று ஆரம்பித்தார். "அவன் கிளம்புனப்ப, அவனச் சுத்தி நாலு பேரு..."

"அப்புறம்?" என்றார் தபால்காரர்.