ரமீஸாவின் ‘கொஞ்சம்’ எத்தனை வோல்ற்?

இந்த ஜப்பானில் ஒரு சாமான் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் ஓம், இல்லை என்று நேராகச் சொல்லமாட்டார். தலையைச் சரித்து, பல்லிடுக்கால் காற்றை உறிஞ்சுவார். அதையும் பொறுத்துக்கொண்டேன். மெசினும் அப்படித்தான் என்றால் நான் எங்கே போய் முட்டுவது?

எண்பதுகளின் கடைசி அது. தொழிற்சாலையில் எலெக்ட்ரோனிக் போர்ட்டுகளைச் சோதிப்பது என் வேலை. மீற்றர் முள் பூச்சியத்தில் நிற்கவேண்டும், அல்லது ஐந்து வோல்ற்றில். இடையில் நின்றால் பழுது என்றுதான் பயிற்சியில் படித்திருந்தேன். அன்று வந்த புதுப் போர்ட்டுகள் அத்தனையிலும் முள் இடையில் நின்றது. நானும் சளைக்காமல் ஒவ்வொன்றிலும் சிவப்புத் தாள் ஒட்டி அடுக்கினேன். பொறியியலாளர் கிமுரா வந்தார். “எல்லாம் பழுதா?” என்று கேட்டார். “எல்லாம்!” என்றேன் பெருமையாக. மனிதர் முகம் வெளிறியது.

இடையில் நிற்கத்தான் அந்தப் போர்ட்டே செய்யப்பட்டதாம்! நெல் உலர்த்தும் மெசினுக்கானது. ‘ஈரம்’, ‘கொஞ்சம் காய்ந்தது’, ‘நன்றாகக் காய்ந்தது’ என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சுற்று. நெல் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவு வோல்ற் வரும். ‘கொஞ்சம் காய்ந்து, சூடும் கடுமை’ என்று இரண்டு சொல் சேர்ந்தால், இரண்டில் குறைந்த வோல்ற்றை மட்டும் ட்ரான்சிஸ்டர்கள் கடக்கவிடும். இப்படிப் பல விதிகள் தரும் விடைகளைக் கலந்து, நடுவாக ஒன்றை எடுத்துச் சூட்டைக் கூட்டும், குறைக்கும். கல்முனையில் எட்டு வருடம் ரேடியோ திருத்தியவன் நான். குமிழைத் திருப்பத் திருப்ப வோல்ற் ஏறுவதைக் கண்ட எனக்கு இது உறைக்கவில்லையே!

கிமுராவுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்க நாடுகளுக்கு அனுப்பவிருந்த அந்த மெசினில் புழுங்கல் நெல்லைப் போட்டால் அரிசி நொறுங்கியது. “உங்கள் ஊரில் எப்படிக் காயவைக்கிறீர்கள்?” என்றார். நான் எங்கே காயவைத்தேன்? நிந்தவூரில் நெல் அவித்துக் காயவைப்பது என் மனைவி ரமீஸா. வழமைபோல் கசெட்டில் பேசி அவளிடம் கேட்டு அனுப்பினேன்.

பதிலும் கசெட்டில் வந்தது. “மச்சான், நல்ல வெயிலெண்டா அடிக்கடி காலால கிளறோணும். கொஞ்சம் காஞ்சிட்டெண்டா நெழலுக்கு இழுத்திரோணும். ஒரே மூச்சில காயவிட்டா அரிசி நொறுங்கிரும். இதச் சொன்னா வேல கெதியா முடியுமா? ஒங்கட ஒப்பந்தத்தில மிச்சமிரிக்கிற ரெண்டு மாசம் முடிஞ்சதும் வந்திருங்க. புள்ள ஒங்கள கசெட்டுக்குள்ள இரிக்கிற ஆளெண்டு நெனச்சிட்டிரிக்காள்.” மகள் நான் வந்த பிறகு பிறந்தவள். அதைக் கேட்டு அழுதேன், சொல்வதற்கென்ன.

அவள் சொன்ன ‘கொஞ்ச’த்துக்கு எத்தனை வோல்ற் என்று கிமுராவும் நானும் ஒரு கிழமை மாரடித்தோம். கடைசியில், கொஞ்சம் காய்ந்ததும் சூடு தானாகத் தணிந்து நெல்லை ஆறவிட்டது. ஒரு அரிசிகூட நொறுங்கவில்லை. அல்லாஹ்வே, என் பெண்சாதியின் பேச்சு ட்ரான்சிஸ்டருக்குள் போய் வேலை செய்கிறது!

மறுநாள் காலை கிமுரா ஒரு தாளை நீட்டினார். இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம். இப்படியான ஆள் தொழிற்சாலைக்கு வேண்டுமாம். இடி விழுந்தது போலிருந்தது. ஊரில் மகளுக்கென்று தொடங்கிய வீடு ஓடு போடாமல் நிற்கிறது. தமிழில் கையெழுத்து வைத்தேன். அது விளங்காமல் ஆங்கிலத்திலும் ஒன்று வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒரே தாளில் இரண்டு ஆளாக இருந்தேன்.

பின்னேரம் நிந்தவூரில் அடுத்த வீட்டுக் கடைக்கு போன் எடுத்து ரமீஸாவைக் கூப்பிடச் சொன்னேன். இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறார்கள் என்றேன். கையெழுத்து வைத்ததைச் சொல்லவில்லை.

“அப்ப நான் சொன்னது சரியா வேல செஞ்சிரிக்கி?”

“ஓம் புள்ள. அதாலதான் நிக்கச் சொல்றாங்க.”

“பிழையாச் சொல்லியிருந்தா வந்திருப்பீங்க, என்ன?”

“வந்திருப்பன்,” என்றேன்.

“அப்ப நான் ஒண்டும் சொல்லாம இருந்திரிக்கலாம். இப்பவாவது ஏலாதெண்டு சொல்லிப்போட்டு வாங்க மச்சான்.”

“கேட்டுப் பாக்கிறன்,” என்றேன். ஓமுமில்லை, இல்லையுமில்லை; அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே திக்கென்றது.