வாழைக்காய்க்குச் சமையல் கேஸ்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வாழைக்காய் பழுக்கவைக்கிற சேம்பரில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லுவேன்.

லீவு முடிந்து ஒருநாள் காலையில் வந்து சேம்பர் கதவைத் திறந்தேன். பழ வாசனை இல்லை, அடுப்பங்கரையில் கேஸ் கசிகிற வாசனை. உள்ளே பெட்டி பெட்டியாகக் காய், எல்லாம் கிளிப்பச்சை. என் பின்னால் பேச்சியம்மாள் நின்றாள். குற்றாலத்தில் பழக்கடை வைத்திருப்பவள். ஒரு கல்யாணத்துக்குப் பழம் கொடுக்க அவளுக்கு வந்த முதல் ஆர்டர் இது.

முதலாளி செல்லையா அண்ணாச்சி வந்தார். "பழுக்கவைக்கிற எத்திலீன் கேஸு தீந்துட்டுலே. நேத்து டீக்கடைச் சிலிண்டரைக் கொண்டாந்து மாட்டிவிட்டேன். கேஸ்னா கேஸுதானே! பழுக்க மாட்டேங்குதே?" சொல்லிக்கொண்டே ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"தொடாதிய அண்ணாச்சி! எல்லாரும் ரோட்டுக்குப் போங்க!"

சிலிண்டரை மூடி, முன்கதவு பின்கதவு இரண்டையும் விரியத் திறந்துவிட்டு நானும் ஓடினேன். சமையல் கேஸ் தரையோடு தங்கும். காற்றடித்துத்தான் போக வேண்டும். சுவிட்சில் ஒரு பொறி போதும், கூரை பறந்துவிடும்.

"கல்யாணத்துக்குப் போறதுக்கு முன்னாடி எங்களை மேலோகத்துக்கு அனுப்பப் பாத்தியளே அண்ணாச்சி!" என்றாள் பேச்சியம்மாள். சிரித்துவிட்டு, குரல் இறங்கிக் கேட்டாள்: "காய் போச்சா?"

"போகலம்மா. அந்தக் கேஸு காயை ஒண்ணும் செய்யாது" என்றேன்.

பழைய பேப்பர் கடையில் வாங்கிய பள்ளிக்கூடப் புத்தகத்தில் நான் படித்தது இது. சமையல் கேஸ், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றுமே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவைதான். சமையல் கேஸில் பெரும்பாலும் இருக்கிற புரொப்பேன், பியூட்டேனில் கார்பன்களுக்கு நடுவே ஒற்றைப் பிணைப்பு. நிறைவுற்றது, லேசில் எதனோடும் சேராது. ஆனால் நெருப்பைக் கண்டால் விடாது. எத்திலீனில் இரட்டைப் பிணைப்பு. கொஞ்சம் இருந்தாலே காய் அதை அடையாளம் கண்டு பழுக்கத் தொடங்கிவிடும். சிலர் திருட்டுத்தனமாகப் பழுக்கவைக்கிற கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் வருகிற அசிட்டிலீனில் முப்பிணைப்பு. அதிலும் காய் பழுக்கும். ஆனால் கல்லிலிருந்து விஷமும் கூடவே வரும், அதனால்தான் தடை.

எதிர் சேம்பர் காதர் பாய் எங்களுக்குத் தொழில் போட்டி. விஷயம் கேட்டதும் தன்னிடமிருந்த எத்திலீன் சிலிண்டரை அவரே உருட்டிக்கொண்டு வந்தார். "தீந்தா என்கிட்ட கேக்க வேண்டியதுதானவே? டீக்கடைக்கா போவாவ?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

வாசனை சுத்தமாகப் போனபிறகு அளவாக எத்திலீன் விட்டோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் காய் மஞ்சளாகி, டெம்போவில் குற்றாலம் போனது. மறுநாள் மத்தியானம் பேச்சியம்மாள் முதலாளிக்குப் போன் போட்டாள்: "கடைசிப் பந்திக்கும் பழம் வச்சாச்சு அண்ணாச்சி. பந்தியில இருந்த ஒருத்தர் அவுக வீட்டு விசேஷத்துக்கும் என்னையே கேட்டுருக்காவ!"

எந்தப் பொருள் எதனோடு சேரும், எதனோடு சேராது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் இருக்கட்டும். அதுதான் நம்மைச் சாயங்காலம் வீடு சேர்க்கும்.