அக்காவைச் சோதித்தவள்

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். அரசு அலுவலக வாசலில், துணி மறைப்புக்குப் பின்னால், உள்ளே போகும் பெண்களைத் தடவிச் சோதிப்பது அவள் வேலை. மலைப்பக்கத்து மொழி பேசும் அவளுடைய ஜனத்தின் மேல்தான் அரசாங்கத்துக்கு எப்போதும் ஒரு சந்தேகக் கண். அவர்களிடம் பேசத் தெரிந்தவள் வேண்டுமென்று அவளையே எடுத்தார்கள்.

"நம்ம ஆளுங்களையே தடவிப் பாக்கப் போறியா?" என்று கேட்டதோடு அக்கா அவளோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டாள்.

தோள், அக்குள், இடுப்பு, கணுக்கால். முதலில் கை கூசியது. போகப்போக மரத்துவிட்டது. முகம் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்த பிறகு கெடுபிடி கூடியது. ஒருநாள் காலை, கைகளைத் தூக்கி நின்ற ஒருத்தியின் வயிற்றில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தாள். உள்ளிருந்து ஓர் உதை.

"பிள்ளைடி."

நிமிர்ந்தாள். அக்கா. பிள்ளை வாய்க்காதா என்று வருஷக்கணக்காக ஏங்கியவள்.

சின்னவளுக்கு வாயில் வந்தது தினமும் சொல்லும் ஒரே சொல்தான். "போகலாம்."

வாசல் ஊழியர்கள் அத்தனை பேரும் கவுன்சலிங் போயாக வேண்டும் என்று அந்த மாதமே உத்தரவு வந்தது. ஆலோசகர் தலைநகர்க்காரர், தணிந்த குரல்.

"தூக்கம் எப்படிம்மா?"

"வருது மேடம்."

சின்னவள் தானாகவே அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"அழுதீங்களா?"

"இல்ல மேடம். அழுகை வந்தா சொல்லி அனுப்புறேன்."

ஆலோசகர் மின்விசிறியைப் பார்த்தபடி, "குண்டு வெடிச்சதைப் பத்தி உங்க ஆளுங்க என்ன பேசிக்கிறாங்க? மேலிடத்துல கேக்கச் சொல்லியிருக்காங்கம்மா" என்றார்.

"எங்கிட்ட யாரும் பேசுறதில்ல மேடம்."

அது உண்மைதான். ஆலோசகர் வேறெதுவும் கேட்காமல் ஒரு வாரம் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வேலை விஷயமா வந்தியா?" என்றாள் அக்கா.

"இல்ல."

"அப்போ உக்காரு."

மாமா வானொலியை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போனவர் வெளியே வரவேயில்லை. அக்கா வைத்த டீ ஆறிப்போனது. புறப்படும்போது, "பொறந்தா சொல்றேன்" என்றாள் அக்கா.

விடுப்பு முடிந்து சின்னவள் அதே வாசலுக்குத் திரும்பினாள். சில வாரம் கழித்துத் தகவல் வந்தது. பெண் குழந்தை. போனாள். அக்கா தூக்கிக் கொடுத்தாள். கையில் கனம் தெரிந்தது. சந்தோஷமோ துக்கமோ ஒன்றும் எழவில்லை. திருப்பி நீட்டினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருடி" என்றாள் அக்கா.

வைத்திருந்தாள்.