திங்கட்கிழமை பஜ்ஜி

சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில் எனக்கிருந்த அக்கறையில் பாதி சாப்பிடுவதில் இருந்திருந்தால், இருபத்தெட்டு வயதில் நான் கொஞ்சம் ஆள் மாதிரி இருந்திருப்பேன். அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தின் ஸ்டோரில் வேலை. களிமண் எவ்வளவு வந்தது, ஊறுகாய் ஜாடி எத்தனை சூளைக்குள் போனது, எத்தனை விரிசல் விட்டு வெளியே வந்தது என்று எழுதி வைக்கிற உத்தியோகம். அதற்கு மூளை அதிகம் தேவைப்படவில்லை. மிச்சமிருந்ததை வாரப் பத்திரிகைகளில் மூலையில் போடுகிற துணுக்குகளைப் படிக்கக் கொடுத்திருந்தேன். அதிலும் சாப்பாட்டுத் துணுக்கு என்றால் விடமாட்டேன்.

மத்தியானம் சூளைக் கொட்டகைப் பக்கம் எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். நான் வாயைத் திறப்பேன். நாளுக்கு ஒரு சமாச்சாரம் கையிருப்பில் இருக்கும். ஆடி மாதமென்றால் கூழ் ஊற்றுகிற வழக்கம் எப்படி வந்தது என்பது. அமாவாசை என்றால் அன்றைக்கு எந்தக் காய் ஆகும், எது ஆகாது என்பது. ஒரு விசேஷமும் இல்லாத வெறும் புதன்கிழமை என்றால் மிளகாய். மிளகாய் நம் ஊர்ச் சரக்கே இல்லை, பறங்கியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது, அதுவரைக்கும் உறைப்புக்கு நம்மிடம் மிளகுதான் என்று நான் விளக்க, சூளைக்கு விறகு தள்ளுகிறவர் பச்சை மிளகாயைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"எங்கேருந்து வந்தா என்னங்க, எரியறது இங்கதான?" என்றார் ஒருநாள்.

நான் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு மறுநாளும் மிளகாயைப் பற்றியே பேசினேன்.

அறுபதுகளின் நடுவில் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. ரேஷன் கடையில் வரிசை, கப்பலில் வந்த கோதுமை, கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிற பெண்கள். வசதியுள்ளவர்கள் திங்கட்கிழமை ராத்திரி ஒருவேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமரே கேட்டுக்கொண்டார். பல ஓட்டல்களில் அன்றைக்குச் சாயங்காலம் அடுப்பை அணைத்தார்கள். நாட்டு மக்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னது எனக்கு மட்டும் என் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி கேட்டது. சாப்பாட்டைப் பற்றிப் பேச ஒரு நாள், அதுவும் வாராவாரம் வருகிற நாள். விடுவேனா?

திங்கட்கிழமை விரதத்தைத் தொடங்கினேன். சும்மா பட்டினி கிடந்தால் யாருக்குத் தெரியும்? ஆகவே சாயங்காலம் ஜங்ஷன் பக்கத்து டீக்கடைக்குப் போய், ஒன்றும் வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். டீ வேண்டுமா என்று யாராவது கேட்பதற்காகக் காத்திருப்பேன். கேட்டதும் தொடங்கிவிடுவேன். சில வாரங்களில் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். நானாகவே தொடங்க வேண்டியதாயிற்று.

அம்மாவுக்குத்தான் என் விரதத்தின் மேல் மரியாதையே இல்லை. "ராத்திரி சோத்தயும் சேத்து மத்தியானமே துன்னுடற. இதுல என்னா விரதம்?" என்பாள். அது உண்மைதான் என்பதால் பேச்சை மிளகாய்க்குத் திருப்பிவிடுவேன்.

இந்த நிலையில்தான் தாய்மாமா ஒரு தரகர் மூலம் எனக்குப் பெண் பார்த்தார். சேத்தியாத்தோப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் வழியாக நடக்கிற தூரத்தில் ஊர். கொஞ்சம் நிலம், அதுவும் மழை பெய்தால்தான் விளையும். பெண்ணுக்குப் பத்து வரை படிப்பு. வளர்பிறை, நல்ல நேரம் எல்லாம் பார்த்து மாமா குறித்த நாள் திங்கட்கிழமை. வேறு நாள் சொல்லுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புது ஊர், புது ஆட்கள், என் விரதத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடக் கேட்டிராத காதுகள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது.

அம்மா, மாமா, நான் மூவரும் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெளிச்சம் இருந்தது. பாயில் உட்கார வைத்தார்கள். பெண் தட்டுகளோடு வந்தாள். சொஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி. தட்டை என் முன்னால் வைக்கும்போது நிமிர்ந்து ஒரு தரம் நேராகப் பார்த்தாள். வெட்கமெல்லாம் இல்லை. சந்தையில் பொருளைப் பார்த்து வாங்குகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இவள்தான், வேறு யாரும் வேண்டாம் என்று அந்த நிமிடமே மனத்தில் விழுந்துவிட்டது. இதற்கு முன் மூன்று இடங்களில் என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தார்கள். இந்த இடமும் போய்விடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அடித்துக்கொண்ட நெஞ்சோடு தட்டை ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனவன் தட்டைத் தொடாமல் எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் பிடிக்கவில்லை. வாயால் சொல்லிப் புண்படுத்த வேண்டாமென்று பஜ்ஜியை வைத்துச் சொல்கிற ஏற்பாடு. மிளகாயின் பூர்வீகம் தெரிந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். என் விரதத்தைச் சொன்னால் எவருக்கும் புரிந்துவிடும், புரிவதோடு மதிப்பும் கூடும் என்று நம்பினேன்.

"திங்கக்கிழமை சாயங்காலம் நான் சாப்பிடறதில்லீங்க" என்றேன்.

பெண்ணின் அப்பா வாசல் பக்கம் பார்த்தார். "இன்னும் பொழுது சாயலீங்களே தம்பி. ஒரு வாய் எடுத்துக்குங்க."

"சாயங்காலம்னாலே கணக்குத்தாங்க" என்று தொடங்கி, தட்டுப்பாடு, கப்பல், கோதுமை என்று போனேன். இந்த ரவைகூடக் கடல் தாண்டி வந்த கோதுமையாகத்தான் இருக்கும் என்றேன். பஜ்ஜியில் வாழைக்காயும் கடலைமாவும் நம்முடையது, மிளகாய்த்தூள் பறங்கியருடையது என்று பாகம் பிரித்துக் கொடுத்தேன். மாமா என் தொடையில் கிள்ளினார். நான் அதை உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை கை வைக்காத தட்டில் தாங்கள் எப்படிக் கை வைப்பது என்று அம்மாவும் மாமாவும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மூன்று தட்டுகளும் அப்படியே உள்ளே போயின.

"வேற ஒண்ணுமில்லீங்க, இவன் எப்பவும் இப்பிடித்தான்" என்று அம்மா சமாளித்துப் பார்த்தாள். எனக்கு ஆதரவாக அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையும் நன்மை செய்யவில்லை.

சேத்தியாத்தோப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தரகர் சைக்கிளில் விரட்டிக்கொண்டு வந்தார். "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போறதுதான? நாட்டுக்காக பஜ்ஜி துன்னலன்னா யாரு நம்புவாங்க? கம்மாபுரத்து மாப்பிள வூட்டுக்காரங்கள வர்ற வியாழக்கெழம பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டாங்க."

மாமா என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று ராத்திரி முதல்முறையாக எனக்கு உண்மையிலேயே பசி இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை லீவு சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனேன். மாப்பிள்ளை தனியாகப் போய் நிற்பது முறையே கிடையாது, அதுவும் செவ்வாய்க்கிழமை. பெண்ணின் அப்பா வயலுக்குப் போயிருந்தார். பெண்ணின் அம்மா மட்டும் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "நேத்து சாப்பிடாம போயிட்டேங்க. இன்னிக்கி சாப்பிடலாம்னு வந்தேன்" என்றேன். யோசித்துப் பார்த்தால், கடன் வசூலிக்க வந்தவன் பேச்சு மாதிரிதான் இருந்திருக்கும்.

அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அடடா, இப்ப ஒண்ணும் இல்லீங்களே தம்பி" என்று கையைப் பிசைந்தார்கள்.

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. "சக்கரையும் ரவையும் நாலு வூட்ல கேட்டு வாங்கினதுங்க. நீங்க போனப்புறம் நாங்க எல்லாரும் ராத்திரிக்கு அதத்தான் சாப்பிட்டோம். நேத்து வேற ஒண்ணும் ஆக்கல."

"சும்மா இரு புள்ள" என்றார்கள் அம்மா.

அவள் சும்மா இருக்கவில்லை. கதவண்டை வந்து நின்றாள். நேற்றுப் பார்த்த அதே பார்வை.

"ஒண்ணு கேக்கணுங்க. உங்க வூட்டுக்கு வந்தா திங்கக்கெழம ராத்திரி நானும் பட்டினி கெடக்கணுங்களா?"

கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். அவள் முகத்தில் கேலி இல்லை.

"எங்க வூட்ல சோறு இல்லாத ராத்திரி நெறைய பாத்துட்டேங்க. அதுக்குப் பயமில்ல. சோத்த வச்சிக்கினு சாப்பிடாம கெடக்கச் சொன்னா, அது என்னால முடியாது."

எத்தனை பேரிடம் எத்தனை மணி நேரம் பேசியிருப்பேன். விட்டுக்கொடுக்க என்னிடம் ஒருவேளைச் சோறு இருந்தது என்பதே அதுவரை எனக்கு உறைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கெடக்க வேணாங்க" என்றேன். அவளைவிட ஆறு வயது பெரியவன் நான், 'ங்க' போட்டுத்தான் வந்தது. "நீங்க வயிறு ரொம்பச் சாப்பிடலாம். எல்லா நாளும்."

அவள் கொஞ்ச நேரம் என்னை எடைபோட்டாள். பிறகு முறத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"கம்மாபுரத்துக்காரங்கள வர வேணான்னு சொல்லிடும்மா" என்றாள்.